வெனிஸ்: முதல்முறை ஜோடியாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இத்தாலியில் இருக்கும் வெனிஸ் போய்விட்டு வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் போனது 2025 அக்டோபர் நடுவில். நானும் என் கணவரும் மட்டும், மதுரையிலிருந்து. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து முதல் வெளிநாட்டுப் பயணம், மூன்று இரவுகள். தேனிலவு இல்லை. தேனிலவுக்குக் கொடைக்கானல் போனோம், மூன்று நாளும் மழை.

காலையில் போய்ச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் போதாதா?

பேக்கேஜ் டூர்களில் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். காலை பத்து மணிக்கு இறக்கி, சான் மார்க்கோ சதுக்கத்தைக் காட்டி, கண்ணாடி ஊதுவதைக் காட்டி, ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். என்னைக் கேட்டால், வெனிஸில் இருக்கக் கூடாத நேரமே அந்த ஏழு மணி நேரம்தான். தீவு நகரத்துக்குள் குடியிருப்பவர்கள் இன்று 50,000 பேருக்கும் குறைவு. பகலில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ரியால்டோ பாலத்தில் நிற்பதும் சித்திரைத் திருவிழாவில் தேருக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒன்றுதான். நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்விடும்.

ஆறு மணிக்கு மேல் கூட்டம் வடியத் தொடங்கும். முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு நாங்கள் சான் மார்க்கோவுக்குப் போனபோது சதுக்கத்தில் பாதி காலி. 1720-இல் தொடங்கிய ஃப்ளோரியன் காபிக் கடை வாசலில் ஒரு சிறிய இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் ஆறேழு பேர்தான். உட்கார்ந்தால் காபி விலையோடு இசைக்கும் தனியாகப் பில்லில் சேர்ப்பார்கள். தூணோரமாக நின்று கேட்டால் காசில்லை, நாங்கள் நின்றோம். பக்கத்தில் ஒரு வயதான ஜோடி மெதுவாக ஆடத் தொடங்கியது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் கையை நீட்டினார். பதினோரு வருடத்தில் முதல்முறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடவில்லை. ஆனால் அந்தக் கையை விடவும் இல்லை.

காலையிலும் அப்படித்தான், ஏழு மணிக்கே எழுந்து வெளியே வாருங்கள். காய்கறிப் பெட்டி ஒரு படகில், பீர் பீப்பாய் ஒரு படகில், வாஷிங் மெஷின் ஒரு படகில், ஊர்க் குப்பை ஒரு படகில். சுற்றுலாவுக்காகக் கட்டி வைத்த ஊர் இல்லை, இங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று அப்போதுதான் மண்டையில் ஏறும். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று.

ஊருக்குள் தங்குவதா, மெஸ்த்ரேயில் தங்குவதா?

மெஸ்த்ரே என்பது தீவையும் நிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கும் சாதாரண ஊர். அறை வாடகை மலிவு. வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். பணத்தைப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் மெஸ்த்ரேயில் தங்கினால் மேலே சொன்ன இரவும் காலையும் கிடைக்காது. கடைசி ரயிலைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நாங்கள் வேறு செலவுகளைக் குறைத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே தங்கினோம், கன்னரேஜோ பகுதியில். வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்தது. அதில் வடக்கே, ரயில் நிலையத்தை ஒட்டியிருப்பது கன்னரேஜோ. சான் மார்க்கோ பக்கத்தைவிட வாடகை குறைவு, சாயங்காலம் கால்வாய் ஓரத்தில் உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். 1516-இல் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவும் இங்கேதான். கெட்டோ என்ற சொல்லே இந்த இடத்தின் பெயரிலிருந்து வந்தது. இடம் போதாமல் மேலே மேலே மாடி கட்டியதால் மற்ற தெருக்களைவிட அங்கே வீடுகள் உயரம்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெனேசியா மெஸ்த்ரே வேறு, வெனேசியா சான்தா லூசியா வேறு. தீவுக்குள் போகச் சான்தா லூசியாவில் இறங்க வேண்டும். வெனேசியா என்று பலகையைப் பார்த்ததும் மெஸ்த்ரேயில் குதித்துவிடாதீர்கள். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இத்தனை என்று நகராட்சி வரி தனியாக வாங்குவார்கள். விடுதியின் தரத்தைப் பொறுத்து 1 யூரோவிலிருந்து 5 யூரோ வரை.

பெரிய பெட்டி கொண்டுபோகலாமா?

வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள், மற்றதைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

வெனிஸில் கார் இல்லை, பைக் இல்லை, ஆட்டோ இல்லை. சைக்கிள் ஓட்டக்கூட அனுமதி இல்லை. வண்டி வருவது ஊரின் வாசலில் இருக்கும் பியாசாலே ரோமா வரைக்கும்தான். அதற்கப்புறம் படகு, இல்லையென்றால் கால். 118 தீவு, 400-க்கும் மேல் பாலம். ஏறக்குறைய எல்லாப் பாலத்துக்கும் படி உண்டு. எங்களிடம் ஆளுக்கு 23 கிலோவில் ஒரு பெட்டி. என் பெட்டியில் பாதி புளிக்காய்ச்சலும் தொக்கும் பருப்புப் பொடியும். விடுதிக்காரர் அனுப்பியிருந்த குறிப்பில் "ரயில் நிலையத்திலிருந்து ஒரே பாலம், பன்னிரண்டு நிமிட நடை" என்று இருந்தது. அது உண்மைதான். என் கணவருக்குக் குறிப்பைவிட கைப்பேசி வரைபடத்தின் மேல் நம்பிக்கை அதிகம். நாலு பாலம் ஏறி இறங்கிய பிறகு, இரண்டு பெட்டியும் நாங்களும் ஒட்டி நடக்கும் அளவுக்கு ஒரு சந்தில் நுழைந்தோம். சந்தின் முனையில் மூன்று படி, பாசி பிடித்திருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர். தெரு அங்கேயே முடிந்துவிட்டது. "இங்கேதான் காட்டுது" என்று அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். விடுதிக்குப் போய்ச் சேர 50 நிமிடம் ஆயிற்று.

ஒரு ஆள் ஒரு கையால் தூக்கிப் படியேறும் அளவுக்குப் பெட்டி இருக்கட்டும். சாப்பாட்டுச் சாமானில், பாலும் இறைச்சியும் சேர்ந்தவற்றை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

விசா, விமானம்?

இத்தாலி ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. விசா விண்ணப்பத்தைச் சென்னையிலேயே, அதை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோவுக்குச் சமமான ரூபாய், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் என்றால் நேரம் போதாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடு சுற்றுகிறவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ மாறினால் வெனிஸிலேயே இறங்கலாம். ரோமில் இறங்கி ரயிலில் வருவதானால் நாலு மணி நேரம்.

ஊருக்குள் நுழையவே காசாமே?

பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு, அதுவும் சில நாட்களில் மட்டும். 2024 ஏப்ரல் 25-இல் 5 யூரோ என்று தொடங்கினார்கள். 2025-இல் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை 54 நாள், காலை 8:30-லிருந்து மாலை 4 மணிக்குள் வருகிறவர்களுக்கு. நாலு நாள் முன்பே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கையும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீடு வாங்கிக்கொள்ள வேண்டும். நாட்கள் வருடத்துக்கு வருடம் மாறும், நகராட்சிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அக்டோபரில் இந்தத் தொல்லை இல்லை.

ஊருக்குள் எதில் போவது?

நடை. ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கால் ஓய்ந்தால் வபொரெட்டோ. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, தண்ணீரில். ஒருமுறை போக 9.50 யூரோ, அந்த டிக்கெட் 75 நிமிடம் செல்லும். இந்த விலையில் நாளுக்கு மூன்று தடவை ஏறினாலே 24 மணி நேர டிக்கெட் விலையைத் தாண்டிவிடும், அது 25 யூரோ. 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45. ஏறுமுன் கருவியில் டிக்கெட்டைக் காட்ட மறக்காதீர்கள். டிக்கெட் வைத்திருந்தும் காட்டாமல் ஏறினால் அபராதம்தான்.

1-ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்க, எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும். பியாசாலே ரோமாவிலிருந்து சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம். அவசரத்துக்கு ஆகாது. ஆனால் அந்தி சாய்ந்த பிறகு அதில் ஏறி, முன்பக்கமோ பின்பக்கமோ வெளியே ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் மாளிகைகளில் விளக்கு ஏற்றியிருப்பார்கள், திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாகக் கூரை ஓவியம்கூடத் தெரியும். 90 யூரோ கொடுத்து ஏறும் கொண்டோலா என்ற துடுப்புப் படகைவிட எனக்குப் பிடித்தது இதுதான். என் கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் கொண்டோலா வேண்டாமா?

ஏறுங்கள். வந்த பிறகு "ஏறவில்லையா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவாவது.

விலை நகராட்சி நிர்ணயித்தது. பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறுமுன் விலையையும் நிமிடத்தையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான் மார்க்கோ கரையில் ஏறினால் பாதி நேரம் திறந்த தண்ணீரில் அலையில் ஆடுவதிலேயே போகும். உள்ளே சான் போலோ பக்கமோ கன்னரேஜோ பக்கமோ சின்னக் கால்வாயில் நிற்கிறவரிடம் பேசுங்கள்.

நாங்கள் மாலை ஐந்து மணிக்கு ஏறினோம். படகு கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம், கறுப்பு. பணக்காரர்கள் போட்டி போட்டு அலங்கரித்ததால் பல நூற்றாண்டுக்கு முன்பே அரசு சட்டம் போட்டு எல்லாப் படகையும் கறுப்பாக்கிவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், படகு நேராக இல்லை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. இவர் கனத்தால் என்று நினைத்து "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: படகைக் கட்டும்போதே இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம் மட்டுமே. சமமாகக் கட்டினால் படகு வட்டமடிக்கும். துடுப்பைத் தாங்கும் மரக்கட்டையின் பெயர் ஃபோர்கொலா. வளைந்து நெளிந்து, யாரோ செதுக்கிய சிற்பம் மாதிரி இருக்கிறது. அதன் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு கியர்: முன்னால் போக, பின்னால் வர, நிறுத்த. எட்டு வகை மரத்தில் 280 துண்டுகள் சேர்ந்தது ஒரு படகு.

குறுகிய திருப்பம் வந்ததும் "ஓஏ!" என்று ஒரு குரல் கொடுத்தார். எதிரே வருகிறவருக்கு ஹாரன். பாலத்துக்கடியில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு, சுவரைச் செருப்பு அணிந்த காலால் ஓர் உதை உதைத்துப் படகை விலக்கினார். அரை மணி நேரமும் எதிரே வந்த கொண்டோலாக்காரர்களோடு பேசிக்கொண்டேதான் வந்தார். காதல் கதை ஒன்றும் இல்லை, இரவுச் சாப்பாட்டைப் பற்றி என்று நினைக்கிறேன்.

90 யூரோ மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. பெரிய கால்வாயில் பாலம் இருப்பது நாலே இடத்தில். நடுவில் கடக்க, த்ரகெட்டோ என்று பழைய கொண்டோலா ஒன்றில் அக்கரைக்கு விடுவார்கள். வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. சான்தா சோஃபியாவில் ஏறினால் ரியால்டோ சந்தை வாசலில் இறங்கலாம். இரண்டு நிமிடம்தான். உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நின்றுகொண்டே போவார்கள்.

கொண்டோலாக்காரர் பாடுவாரா?

மாட்டார். பாட்டுக்காரரைத் தனியாகக் காசு கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும்.

பெருமூச்சுப் பாலத்தின் கீழே முத்தம் கொடுத்தால் காதல் நிலைக்குமாமே?

அப்படி ஒரு கதை சொல்கிறார்கள். ஆனால் அது சிறைக்குப் போகும் பாலம். டோஜ் என்ற ஆட்சித் தலைவரின் மாளிகையில் விசாரணை முடிந்து, கைதிகளை எதிரே இருந்த சிறைக்கு அந்தப் பாலம் வழியாகத்தான் நடத்திப் போனார்கள். கல் ஜன்னலின் ஓட்டை வழியாகக் கடைசியாக ஒருமுறை வெளியே பார்த்து விட்ட பெருமூச்சுதான் அந்தப் பெயர். மாளிகைக்கு டிக்கெட் வாங்கினால் நீங்களும் அந்தப் பாலத்துக்குள் நடக்கலாம். குளிர்ச்சியாக, இருட்டாக இருக்கும். காதல் லீலைகளுக்குப் பேர்போன காசநோவாவும் அந்த மாளிகையின் ஈயக் கூரைக்கடியில் ஓர் அறையில்தான் அடைபட்டுக் கிடந்தார், 1756-இல் கூரையைத் துளைத்துத் தப்பினார். முத்தம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

சான் மார்க்கோவில் எதைத் தவறவிடக் கூடாது?

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நான் அன்று சேலை, வாசலில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முன்னால் ஷார்ட்ஸோடு நின்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே மேலே பாருங்கள், முழுக்கத் தங்கப் பின்னணியில் சின்னச் சின்னச் சில்லுகள் பதித்த சித்திரம். இந்தக் கோயிலுக்கே அடிப்படை ஒரு கடத்தல்தான்: 828-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்கின், அதாவது சான் மார்க்கோவின், உடலைப் பன்றிக்கறிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். முகப்பில் நிற்கும் நாலு வெண்கலக் குதிரைகள் நகல்கள். அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். அசலையும் 1204-இல் கான்ஸ்டான்டினோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், கொள்ளையடித்துத்தான் கொண்டுவந்தார்கள். 1797-இல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிப்போனபோது மட்டும் வெனிஸ்காரர்களுக்குக் கோபம் வந்தது. 1815-இல் திரும்பி வந்தன.

சதுக்கத்து மணிக்கூண்டு 1902-இல் அப்படியே சரிந்து விழுந்து, 1912-இல் அதே இடத்தில் அதே மாதிரி எழுந்தது. ஏறுவதற்கு நீண்ட வரிசை. எதிரே தண்ணீருக்கு அப்பால் சான் ஜார்ஜோ மாஜோரே தீவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, அதற்கும் லிஃப்ட் உண்டு. அதில் ஏறுங்கள். சான் மார்க்கோ கூண்டில் ஏறினால் சான் மார்க்கோ கூண்டைப் பார்க்க முடியாதே.

வழி தவறிவிட்டால்?

தவறும். கைப்பேசிக்கும் சேர்த்துத்தான். எல்லா வீதியும் கோயிலைச் சுற்றியே போகும் ஊரில் வளர்ந்த எனக்கு முதல் நாள் தலையே சுற்றிவிட்டது. சுவரில் மஞ்சள் பலகையில் ரியால்டோ, சான் மார்க்கோ, ஃபெரோவியா என்று அம்புக்குறி இருக்கும். ஃபெரோவியா என்றால் ரயில் நிலையம். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எப்படியும் தெரிந்த இடத்துக்கு வந்துவிடலாம். சில பலகையில் ஒரே இடத்துக்கு இரண்டு பக்கமும் அம்பு போட்டிருக்கும். இரண்டும் சரிதான்.

தெரு என்றால் கல்லே, சதுக்கம் என்றால் காம்போ, சின்னக் கால்வாய் ரியோ, கால்வாய் ஓரப் பாதை ஃபொந்தமென்தா. பியாசா என்ற பட்டம் சான் மார்க்கோவுக்கு மட்டும். கதவு எண் தெருவுக்குத் தெரு கிடையாது, பகுதி முழுக்கத் தொடர் எண். காஸ்தெல்லோ பகுதியில் 6,000-ஐத் தாண்டும். போதாததற்கு அடுமனைச் சந்து என்று பொருள்படும் கல்லே தெல் ஃபோர்னோ ஊரில் பல இடத்தில் உண்டு. ஆகவே முகவரியைப் பகுதிப் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் தேவாலயம் எது, பக்கத்துப் பாலம் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வழி தவறித்தான் மார்க்கோ போலோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரியால்டோவுக்கு வடக்கே, ஒரு வளைவுக்குள் நுழைந்தால் கோர்த்தே தெல் மிலியோன் என்று சின்ன முற்றம். போலோ குடும்பம் இருந்த இடம் என்று சுவரில் ஒரு கல்வெட்டு, ஒரு கிணறு, காயும் துணி. வேறொன்றும் இல்லை. இந்த முற்றத்திலிருந்து கிளம்பியவர்தான் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பதையும், மேலே சட்டை இல்லாமல் கழுத்து நிறைய ரத்தினம் போட்ட அரசரையும் ஊரில் வந்து சொன்னார். "இவர் நம்ம ஊருக்கு வந்துட்டாரு, பதிலுக்கு இப்பதான் நாம வர்றோம்" என்றார் என் கணவர்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கடல் ஊர். காய்கறி மாதிரி தெரிவதிலும் மீன் இருக்கும். பிகோலி இன் சால்சா என்று பார்க்க வெறும் வெங்காயக் குழம்பு பாஸ்தா போல இருக்கும், வெங்காயத்தோடு நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். ரிசொட்டோ என்ற அரிசிச் சோற்றை மீன் அல்லது இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வது சாதாரணம். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். அச்சூகே என்று பட்டியலில் கண்டால் அதுவும் அந்த நெத்திலிதான். அதே சமயம் பெப்பரோனி என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய். பீட்சாவில் மார்கெரிட்டா, மாரினாரா, வெர்தூரே மூன்றும் பிரச்சினை இல்லாதவை. மிகக் கண்டிப்பானவர்கள் மட்டும், பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டி வயிற்றுச் சுரப்பு சேரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

ஊரின் உண்மையான சாப்பாடு பாக்கரோ என்ற சின்னக் கடைகளில்தான். ரொட்டித் துண்டு மேல் ஏதாவது வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பார்கள், சிக்கேத்தி என்று பெயர். நின்றுகொண்டே இரண்டு மூன்று தின்று, ஒரு சின்னக் கோப்பை ஒயின். அந்தக் கோப்பைக்கு ஓம்ப்ரா, அதாவது நிழல், என்று பெயர். என் கணவர் கருவாட்டு வகை மீனை ஆலிவ் எண்ணெயில் வெண்ணெய் மாதிரி அடித்த பக்கலா மந்தெகாத்தோவைச் சாப்பிட்டுவிட்டு, "இதுல கொஞ்சம் மிளகாய் போட்டா போதும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆர்டிசோக் என்ற கூனைப்பூவும் அவித்த முட்டையும் வைத்ததை எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து சாப்பிடும் கடையில் கொப்பேர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ப்பார்கள். ஏமாற்று இல்லை, ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கம். மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோ அளவில் முடியும், உட்கார்ந்தால் பல மடங்கு. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், காம்போக்களில் குழாயில் வருவது நல்ல குடிநீர். சோறு இல்லாமல் முடியவே முடியாது என்றால் மெஸ்த்ரேயில் வங்கதேசத்துக்காரர்கள் நிறைய, அவர்கள் கடைகளில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும்.

ஊர் தண்ணீரில் எப்படி நிற்கிறது? வெள்ளம் வராதா?

சேற்றில் லட்சக்கணக்கான மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து, அதன் மேல் பலகை, அதன் மேல் கல், அப்புறம் கட்டடம். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் நம் ஊர்க் கட்டைபோல மக்குவதில்லை. 1630-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்த்திக்கடனாகக் கட்டிய சலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கம்பம் என்கிறார்கள்.

வெள்ளம் உண்டு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கடல் ஏற்றத்தோடு தெற்குக் காற்றும் சேர்ந்தால் தண்ணீர் தெருவுக்கு வரும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். 1966 நவம்பர் 4-இல் 194 செ.மீ., 2019 நவம்பர் 12-இல் 187 செ.மீ. ஆள் உயரத் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். 1897-இல் குறித்த கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள், ஊரிலேயே தாழ்ந்த சான் மார்க்கோவின் தரையும் அதற்கு மேல் 80 செ.மீ. அளவில் இருக்கிறது. கடல் வாயில்களில் 78 இரும்பு மதகுகளை வைத்த மோசே திட்டம் 2020 அக்டோபர் 3-இல் முதல்முறை இயங்கியது. 110 செ.மீ. வரும் என்று தெரிந்தால் எழுப்புகிறார்கள். அதற்குக் குறைவாக வந்தால் சான் மார்க்கோ நனையும். நாங்கள் இருந்தபோது வரவில்லை. மரப் பலகை மேடைகளை மட்டும் சதுக்கத்து ஓரத்தில் அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள்.

நாற்றம் அடிக்குமாமே?

அக்டோபரில் இல்லை. கோடையில் தண்ணீர் இறங்கும் நேரத்தில் சின்னக் கால்வாய்களில் சேற்று வாடை உண்டு, கொசுவும் உண்டு.

முரானோ, புரானோ இரண்டும் போக வேண்டுமா?

இரண்டும் பக்கத்துத் தீவுகள். ஒன்றுதான் முடியும் என்றால் புரானோ. ஃபொந்தமென்தே நோவே படித்துறையிலிருந்து 12-ஆம் எண் படகு, முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வீடும் ஒரு நிறம். வீட்டுக்காரர் நினைத்த நிறத்தை அடிக்க முடியாது, நகராட்சி அனுமதி வேண்டும். ஊசியால் பின்னும் லேஸ் அங்கே பேர்போனது. கையால் செய்தது என்றால் விலை கையைக் கடிக்கும், மலிவாக இருந்தால் அது அங்கே செய்ததாக இருக்காது.

முரானோவில் கண்ணாடி. தீப்பிடிக்கும் பயத்தால் 1291-இல் உலைகளை எல்லாம் ஊரிலிருந்து அந்தத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுதியில் "இலவசப் படகில் பட்டறைக்கு" என்று சொன்னால் யோசியுங்கள். உலை முன்னால் பத்து நிமிடம் குதிரை செய்து காட்டுவார்கள், அதன்பிறகு விற்பனைக் கூடத்தில் முக்கால் மணி நேரம் உங்களை விடமாட்டார்கள்.

எதற்கெல்லாம் அபராதம்?

கால்வாயில் காலை நனைத்து இறங்குவது, சான் மார்க்கோவில் படியிலோ தரையிலோ உட்கார்ந்து சாப்பிடுவது, புறாவுக்குத் தீனி போடுவது (2008-லிருந்து தடை), பாலத்தில் காதல் பூட்டு மாட்டுவது. குறுகிய பாலத்தில் நின்று நெடுநேரம் படம் எடுத்தால் அபராதத்துக்கு முன்பே உள்ளூர்ப் பாட்டி திட்டிவிடுவார். எனக்குக் கிடைத்தது.

ஜோடியாகப் போனால் சண்டை வருமா?

மூன்று வந்தது. முதலாவது பெட்டிச் சண்டை, மேலே சொன்னேன். இரண்டாவது, வரைபடத்தை யார் கையில் வைத்துக்கொள்வது என்று. இரண்டாம் நாளிலிருந்து காலையில் அவர், மதியத்துக்கு மேல் நான் என்று பிரித்துக்கொண்டோம்.

மூன்றாவது முரானோவில். நீல நிறக் குடுவை ஒன்றை நான் எடுத்தேன், விலையைப் பார்த்து அவர் வைத்தார். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தார். படகில் திரும்பும்போது இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். இரவு அறையில் பெட்டி அடுக்கும்போது என் சேலைக்கு நடுவில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். எப்போது திரும்பிப்போய் வாங்கினார் என்று கேட்டால், "கழிப்பறைக்குப் போறேன்னு சொன்னேன்ல" என்கிறார். அவ்வளவு நேரம் என்ன செய்கிறார் என்று படித்துறையில் நின்று நான் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

குடுவையை வைக்க இடம் பண்ணுவதற்காகப் புளிக்காய்ச்சல் பாட்டிலை விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித்தான் கொடுத்தேன். ரொட்டியில் தடவிச் சாப்பிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.